காய்ச்சல் பார்த்த கை

வெள்ளைக் கம்பளியை வெட்டுகிற நாளில் பட்டறைக்குள் மின்விசிறி போடக்கூடாது. போட்டால் கம்பளியிலிருந்து உதிர்கிற வெள்ளை மாவு எழும்பி ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல் போய்விடும். மழைக்கு முந்திய தாராவிப் புழுக்கத்தில், தகரக்கூரைக்குக் கீழே, கதவையும் பாதி சாத்திக்கொண்டுதான் வேலை. வேர்வை முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆனால் கையில் ஒட்டாது. மாவு படிந்த கையில் தண்ணீர் பட்டால் சேம்பிலையில் பட்ட மாதிரி உருண்டு கீழே விழுந்துவிடும். தோல் காய்ந்த ஓலையாகவே கிடக்கும்.

பட்டறையில் அந்தக் கம்பளிக்குப் பேர் ஜெல். ஏரோஜெல் என்பது முழுப்பேர் என்று, செம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் சார் சொல்வார். கண்ணாடி நாரைக் கம்பளி மாதிரிப் பரப்பி, அதற்குள் புகையை உறைய வைத்தது போன்ற ஒரு பொருளை ஏற்றியிருக்கிறார்கள், அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் காற்றுதான் என்பார். முதல் சுருள் வந்த அன்று ஒரு துண்டை வெட்டி எரிகிற அடுப்பின் மேல் பிடித்து, அதன் மேல் ஒரு சாக்லேட்டை வைத்துக் காட்டினார். கீழே தீ நாக்கை நீட்டிக்கொண்டிருக்க, மேலே சாக்லேட் அப்படியே இருந்தது. வெட்டுகிற அர்பாஸ் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சார், நாளைக்கு ஐஸ்கிரீம் வெச்சுப் பாப்போம்" என்றான்.

மாரீஸ்வரிக்குத் தையல். கொதிக்கிற ஆவி ஓடும் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் அவள் சட்டை தைத்தாள். வால்வுக்குக் கழுத்து உண்டு, தோள் உண்டு; அளவு பிசகினால் மாட்டாது. வெளியே கண்ணாடி நூல் துணி, உள்ளே ஜெல், நடுவில் கம்பி ஓடிய தடித்த நூல். கையுறை கொடுத்திருந்தார்கள். விரலில் உறை இருந்தால் நூலின் இழுப்பு தெரியாது என்று பெண்கள் எல்லோரும் அதன் நுனிகளைக் கத்தரித்து விட்டிருந்தார்கள். வேலைக்கு நடுவில் எண்ணெய் தடவவும் முடியாது, துணியில் கறை ஏறிவிடும். அதனால் உள்ளங்கை காய்த்து, வெடித்து, வெடிப்புக்குள் மாவு போய் உட்கார்ந்து, சுண்ணாம்பு பூசின சுவராகிவிட்டது. அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. நான்கு மணிக்குத் தேநீர் கொதிக்கும்போது மாரீஸ்வரி பிடிதுணி இல்லாமல் பாத்திரத்தை அப்படியே தூக்கி வந்து ஊற்றுவாள்.

"அக்கா கை இருக்கே, அதையே வெட்டி வால்வுக்குச் சுத்திரலாம்" என்பான் அர்பாஸ்.

"ஒன் நாக்க முதல்ல சுத்தணும்டா. அதுதான் ரொம்பச் சூடு" என்பாள் அவள்.

பட்டறையில் அவள் பேசுவது அவ்வளவுதான். வீட்டில் அதுவும் இல்லை. வீட்டில் பேச்சு முழுக்க அவள் புருஷன் ஆறுமுகநயினாருடையது.

நயினாருக்குச் செம்பூரில் காய்கறி வண்டி. விடியுமுன் எழுந்துபோய்ச் சரக்கெடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். "முருங்கக்காயேய்... சின்ன வெங்காயமேய்... வாழப்பூ, வாழத்தண்டேய்" என்று அவர் குரல் எடுத்தால் நாலாவது மாடியில் குக்கர் விசிலுக்கு நடுவிலும் கேட்கும். மராட்டிக்காரர்கள் வீட்டுக்கு முன்னால் முருங்கைக்காய் ஷேவ்கா ஆகிவிடும். பைகள் கயிற்றில் இறங்கும், காய் ஏறும். எந்த வீட்டில் யாருக்கு நிச்சயதார்த்தம், எந்த வீட்டு நாய்க்கு வயிற்றுப்போக்கு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். சாயங்காலம் வந்து அத்தனையையும் அவளிடம் கொட்டுவார். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே ம் கொட்டுவாள்.

உடம்பு விஷயத்தில் மனுஷன் குழந்தை. ஒரு தும்மல் வந்தால் சொத்துப் பிரிக்கிற மாதிரிப் பேசுவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் ஒன்று: வந்ததும் வராததுமாக நெற்றியைக் குனிந்து காட்டுவார்.

"ஏட்டி, தொட்டுப் பாரு."

"ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருட்டி. உள்ள அனத்துது."

"உள்ள அனத்துனா வெளிய தெரியாதா? ஒண்ணுமில்ல, போய்க் குளிங்க."

அவர் நம்பிவிடுவார். அவள் கை அப்படிப் பேர் வாங்கின கை. மகள் மாலதி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, காய்ச்சல் வருவதற்கு முன்பே வரப்போகிறது என்று நெற்றியைத் தொட்டுச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வீட்டில் தெர்மாமீட்டர் என்று ஒன்று வாங்கினதே இல்லை. வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஜெல் வேலை அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது.

ஜூன் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. முதல் நாள் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சுருண்டு படுத்துக்கொண்டு பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குடல்வால் பழுத்து உடைந்திருந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, அன்றைக்கே அறுத்தார்கள்.

வெளியே கொண்டுவந்தபோது நயினார் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினார். பல் அடித்துக்கொண்டது. அவள் அலறிவிட்டாள். மராட்டிக்கார நர்ஸம்மா வந்து இரண்டு கம்பளியைப் போட்டு அமுக்கி, "காபரூ நகா, காபரூ நகா" என்று அவள் தோளைத் தட்டினாள். பயப்படாதே, மயக்க ஊசிக்கு இப்படி நடுக்கம் வரும், போர்த்தினால் அடங்கிவிடும் என்று ஹிந்தியில் விளக்கினாள். சொன்னபடியே அடங்கியது. அடங்கினதும் நயினார் கண்ணைத் திறந்து, "ஏட்டி, எங் காலு ரெண்டும் இருக்கான்னு பாரு" என்றார்.

"இருக்கு."

"எண்ணிப் பாத்தியா?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளை நிறுத்திச் சொன்னார். உள்ளே உடைந்து சீழ் பரவியிருந்தது, கழுவியிருக்கிறோம், மறுபடியும் கட்டலாம். காய்ச்சல் அடித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கூட்டி வா. அவளுக்கு நன்றாகப் புரிந்தது. காய்ச்சல் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

பட்டறையில் அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. செம்பூரில் ஒரு தொழிற்சாலை மழைக்கு முன்னால் கொஞ்ச நாள் நிறுத்தி, குழாய்களுக்கெல்லாம் பழைய சட்டையைக் கழற்றிப் புதுசு மாட்டப் போகிறது. வேங்கடசுப்ரமணியன் சார் தினமும் வந்து நின்றார். "அவா ஷட்டவுன் தேதி நமக்காக நிக்காதும்மா" என்றார். பட்டறை முதலாளி தனசீலன் அண்ணாச்சி மட்டும், "தங்கச்சி, நீ வீட்ல இரி. மாப்பிள்ளய நல்லபடியா எந்திரிக்க வெச்சிட்டு வா. நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னார்.

அவள் இருக்கவில்லை. ஆர்டரைக் காரணம் சொல்லிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், வீட்டில் இருக்க முடியவில்லை. ஒற்றை அறை. அதில் படுத்த இடத்திலிருந்தே நயினார் பேசினார். தையல் இழுக்குது, கஞ்சியில் உப்பில்லை, காற்று வரவில்லை, செம்பூர் மூன்றாம் மாடி மாமி வீட்டில் முருங்கைக்காய் யார் கொடுப்பார்கள், நான் செத்துப் போனால் வண்டியை மருமகனிடம் கொடுத்துவிடாதே, அவன் விற்றுத் தின்றுவிடுவான். மிஷின் சத்தம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கஞ்சி வைத்துக் கையெட்டும் தூரத்தில் மூடிவிட்டு, எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்த வாரம் ஒரு நாள் முழுக்க ஜெல் வெட்டு. சாயங்காலம் வந்து, வாசலில் செம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றினாள். முத்து முத்தாக உருண்டது. சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏட்டி, வந்துட்டியா? தொட்டுப் பாரு. குளுருது. காய்ச்சல் அடிக்குது போல."

அவள் நெற்றியில் கை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. குளிர்ச்சியாகக்கூட இருந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல."

"இல்லட்டி, நடுங்குதே."

"மயக்க ஊசி போட்டா நடுங்கும்னு நர்ஸம்மா சொல்லல? அது இன்னும் ஒடம்ப விட்டுப் போவல." கம்பளியை எடுத்துப் போர்த்தினாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. அவள் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது.

மறுநாளும் அதேதான். காலையில் தொட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. சாயங்காலம் அவர் மறுபடியும் நெற்றியைக் காட்டினார்.

"எனக்கு என்னமோ சரியில்லட்டி. ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"காய்ச்சலே இல்லாம போய் நின்னா என்னத்தச் சொல்லுவாங்க? நடிக்காம படுங்க. நாள் பூரா நின்னு காலு விட்டுப் போயி வந்திருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவர் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. உப்பு இல்லை என்று சொல்லவில்லை. யாரைப் பற்றியும் பேசவில்லை. அறை அமைதியாக இருந்தது. கொஞ்சம் தேறிவிட்டார், அதனால்தான் தொல்லை பண்ணவில்லை என்று அவள் நினைத்தாள். நினைத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். பின்னால் எத்தனையோ விதமாக அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில், பதில் சொல்லவே முடியாமல் போனது அந்தத் தூக்கத்துக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கல்யாண் ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மாலதி வந்தாள். செருப்பைக் கழற்றி, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "க்யா பாபா, ஹாலிடேயா?" என்று கன்னத்தில் தட்டியவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா! இங்க வா! அப்பா ஒடம்பு கொதிக்குது!"

"இல்லியே. காலம்பறக்கூடப் பாத்தேனே."

"நீ என்னத்தப் பாத்த? அனலாக் கெடக்கு. அப்பா, அப்பா, இங்க பாருங்க. அம்மா, அப்பா கண்ணு ஏன் இப்பிடிப் போவுது?"

மாரீஸ்வரி ஓடி வந்து தொட்டாள். இரண்டு கையாலும் தொட்டாள். அப்போதும் அவளுக்குச் சூடு தெரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தெருவுக்குள் ஆட்டோ வராது. அர்பாஸும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியில் உட்கார வைத்தே தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்குத்தான் முதல் மழை. குழந்தைகள் எல்லாம் நனைந்துகொண்டு ஆடின. அவர்களை விலக்கிவிட்டு, "ஹட்டோ, ஹட்டோ" என்று அர்பாஸ் கத்திக்கொண்டே போனான்.

வயிற்றுக்குள் சீழ் கட்டி உடைந்திருந்தது. இந்தத் தடவை முழு மயக்கம். அறுவை முடிந்தும் அவருக்கு மூச்சு தானாக வரவில்லை. தொண்டைக்குள் குழாய் செருகி மிஷினோடு மாட்டினார்கள். நாள் கணக்கில் அப்படியே கிடந்தார். பிறகு, வாய்க்குழாய் இனி வேண்டாம், ரொம்ப நாளாகிறது என்று கழுத்தில் ஓட்டை போட்டு அங்கே மாற்றினார்கள்.

சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள், மாலதி மொழிபெயர்த்தாள். எத்தனை நாளாகக் காய்ச்சல்?

"காய்ச்சலே இல்லன்னு சொல்லு. நான் ரெண்டு நேரமும் தொட்டுப் பாத்தேன்னு சொல்லு."

மாலதி அதை மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்தாள். அப்புறம், "தெரியாது" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து மகள் பேசினாள். "ஒரு தெர்மாமீட்டர் வாங்கிருக்கலாம்லம்மா. மெடிக்கல்ல கேட்டா எடுத்துக் குடுக்கான். அம்புட்டுதான். நான்கூட வாங்கித் தந்திருப்பேன்."

"எங் கையில தெரியலியேட்டி. நீ கொழந்தையா இருக்கையில..."

"எப்பப் பாரு அதையே சொல்லு" என்றாள் மாலதி. பிறகு அவளே அழுதாள்.

மழை விடாமல் பெய்தது. வராந்தாவில், ஈரப் பாய்களுக்கும் நனைந்த குடைகளுக்கும் நடுவில் மாரீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பட்டறைக்குப் போகாத நாட்கள் சேரச் சேர, அவள் உள்ளங்கையில் தோல் உரியத் தொடங்கியது. மாலதி கொண்டுவந்த தேங்காயெண்ணெயைச் சும்மா இருந்த நேரத்திலெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெடிப்புகள் மூடின. வெள்ளை போய்ச் சிவப்பு தெரிந்தது.

ஒரு சாயங்காலம் அர்பாஸ் பட்டறையிலிருந்து நேராக வந்து, வாசல் கடையில் இரண்டு கட்டிங் சாய் வாங்கி வந்தான்.

"அக்கா, குடி. தண்டா ஆயிரும்."

அவள் வழக்கம்போலக் கண்ணாடி கிளாஸை உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடித்தாள். பிடித்தவள் "ஆ" என்று கத்திக் கீழே போட்டுவிட்டாள். கிளாஸ் உடைந்து தேநீர் வராந்தாவில் ஓடியது. கை எரிந்தது. அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுட்டுருச்சா? சாரி அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் கரமாத்தான் குடுத்தான்."

"தினமும் இதே சூடுதானடா."

"ஆமா."

"பட்டறையில நான் இதவிடச் சூடாப் பிடிப்பேன்லா."

"ஆமாக்கா. நீதான் பாத்திரத்தையே..." என்று தொடங்கிய அர்பாஸ் அப்படியே நிறுத்திவிட்டான். அவனும் தன் கையைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவன் குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினான். அவள் நகரவில்லை.

அவள் உள்ளே போகக் கேட்டாள். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் அழுததைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி விட்டாள். நயினார் கண் மூடிக் கிடந்தார். அவள் உரிந்த கையை அவர் நெற்றியில் வைத்தாள். தெரிந்தது. வெதுவெதுப்பு, நெற்றி எலும்பு, அதன் மேல் ஓடும் வேர்வை, எல்லாம் தெரிந்தது.

தனசீலன் அண்ணாச்சி பார்க்க வந்தபோது அவரிடம்தான் முதலில் சொன்னாள்.

"எங் கை செத்துப் போயிருந்திருக்கு அண்ணாச்சி. நான் உயிரோட இருக்குன்னு நெனச்சித் தொட்டிருக்கேன்."

அவர் குடைக்கம்பியைத் திருகினார். "பட்டறைய வெச்சவன் நான். கையுறைய வெட்டாதீயன்னு ஒரு நா நின்னு சொன்னதில்ல. நீ மட்டும் சொமக்காத தங்கச்சி" என்றார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அவர் போன பிறகும் பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கையுறையைப் பற்றி அவரிடம் சொல்லலாம். "நடிக்காம படுங்க" என்று சொன்னது கையுறை இல்லையே.

நயினாருக்கு நினைவு திரும்பினபோது முதலில் ஆளே மாறியிருந்தார். நீண்ட மயக்கத்துக்குப் பிறகு சிலருக்கு மூளை குழம்பி நிற்கும், தெளிந்துவிடும் என்றாள் டாக்டரம்மா. அவர் மாலதியைத் தன் தங்கச்சி என்று நினைத்து அழைத்தார். மாரீஸ்வரியை யாரென்றே பார்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் எதையோ தள்ளினார். எடை போட்டார். அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தார். கழுத்துக் குழாயில் காற்று மட்டும் சீறியது. "வண்டி தள்ளுதாரு" என்றாள் மாலதி. வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மனுஷன் சத்தமே இல்லாமல் செம்பூர் முழுக்க முருங்கைக்காய் விற்றார்.

புத்தி தெளிந்தது. குழாயை எடுத்தார்கள், கழுத்து ஓட்டை மூடியது. குரல் திரும்பவில்லை. குழாய் கிடந்த இடத்தில் குரல் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வந்தது ஒரு கிசுகிசுப்பு. காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும்.

மழை முடிந்தும் அவர் வீட்டிலேயே இருந்தார். அவள் பட்டறைக்குப் போய் வந்தாள். இப்போது அங்கே கிளம்பும் முன்னால் எல்லோரும் கையைத் துலக்கி எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணாச்சி கதவருகில் நின்று பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் அறை அமைதியாக இருக்கும். முன்பு அவள் ஆசைப்பட்ட அமைதி. இப்போது அவள்தான் பேசினாள். பட்டறையில் நடந்தது, குழாயடியில் நடந்தது எல்லாம் தேடித்தேடிச் சொன்னாள். கதை சொல்லத் தெரியாதவள், நடுவில் நின்றுவிடுவாள். அவர் தலையை ஆட்டுவார்.

தீபாவளிக்கு முன்னால் அவர் வண்டிக்குப் போக வேண்டும் என்றார். குரல் இல்லாமல் எப்படி? மாலதியின் புருஷன், அவர் சந்தேகப்பட்ட அதே மாப்பிள்ளை, ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கி வந்தான். பேசிப் பதிந்துவிட்டால் அதுவே திரும்பத் திரும்பக் கூவும். இப்போது பாதி வண்டிகளில் அதுதான். நயினாரின் குரலை யாரும் எந்தப் போனிலும் பிடித்து வைத்திருக்கவில்லை. அவர் குரல் தீர்ந்துபோகும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் மாலதி பேசினாள். நயினார் கையை ஆட்டி வேண்டாம் என்றார். மாப்பிள்ளை சிரித்தான். "கரெக்ட். இவ பேசுனா ஸ்டேஷன்ல அடுத்த லோக்கல் வருதுன்னு சொல்றாப்புல இருக்கு."

"அப்போ நீயே பேசு. அமிதாப் கொரலுன்னு நெனப்பு" என்றாள் மாலதி.

நயினார் மாரீஸ்வரியைக் காட்டினார்.

"நானா? எனக்குக் கூவ வராது."

அவர் பெட்டியை அவள் மடியில் வைத்தார். மகளும் மருமகனும் கல்யாண் ரயிலுக்குக் கிளம்பின பிறகு, அந்த ஞாயிறு மத்தியானம் அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் "முருங்கக்கா" என்றாள். ஆஸ்பத்திரியில் சீட்டு கேட்கிற மாதிரி இருந்தது. அவர் தன் வயிற்றைத் தொட்டு, இங்கிருந்து எடு என்று காட்டினார். அந்த வயிற்றில் மேலிருந்து கீழே தழும்பு. அவள் மறுபடியும் எடுத்தாள். கடைசி எழுத்தை இழுக்கச் சொன்னார். இழுத்தாள். இழுத்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது.

"எங் கைதாங்க" என்றாள். "எங் கையில சூடு தெரியல. காய்ச்சல் அப்பவே அடிச்சிருக்கு. மொத நாளே அடிச்சிருக்கு. நீங்க சொன்னிய. நான்தான் நடிக்கியன்னு..."

அவர் பக்கத்தில் வரச் சொன்னார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

"தெரியும். அர்பாஸ் சொன்னான்."

"பெறவு ஏன் ஒரு வார்த்த என்ன ஏசல?"

அவர் மூச்சு சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் காற்று வேண்டியிருந்தது.

"அந்த மூணாம் நாளு... எதுத்த வீட்டுப் பிள்ள வந்து, பெரியப்பா டாக்டரக் கூப்பிடவான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"நீ இல்லன்னு சொல்லிட்டியே. ஒங் கை தப்பாச் சொன்னதில்லியே. அப்போ நான்தான் நடிக்கேன் போலன்னு... எனக்கே தோணிட்டு."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய கணக்கைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்கு அழக்கூட வரவில்லை. அவர் பெட்டியை எடுத்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவினாள். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நயினார் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, போதும் என்று தலையாட்டினார்.

வண்டி கிளம்பின முதல் நாள் அவள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு செம்பூர் போனாள். வண்டியை அவள் தள்ள, அவர் முன்னால் பிடித்து நடந்தார். வண்டிக் கம்பத்தில் கட்டின பெட்டி கூவிக்கொண்டே வந்தது. தன் குரலைத் தெருவில் கேட்க அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் வழக்கமான கட்டடம். மூன்றாவது மாடியில் ஜன்னல் திறந்தது. வயதான மாமி எட்டிப் பார்த்தார்.

"யாருடிம்மா புதுசா? இது நயினார் வர்ற நேரமாச்சே?"

நயினார் மரநிழலிலிருந்து வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"அடப்பாவி மனுஷா! நாலு மாசமா எங்கேய்யா போயிட்டீர்? முருங்கைக்காய்ன்னு பேருக்கு மூங்கிலை வாங்கிச் சாப்பிட்டுண்டிருக்கோம். ஏன் பேச மாட்டேங்கறீர்? பொம்மனாட்டிக் குரல் போட்டு வச்சிருக்கீர்?"

அவர் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தார். பிறகு மாரீஸ்வரியைக் காட்டினார். மாமி அவளைப் பார்த்தார்.

"நீதான் ஆத்துக்காரியா? என்னடிம்மா ஆச்சு இவருக்கு?"

பக்கத்து ஜன்னலும் திறந்தது. கீழே காவல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். குரல் மூன்று மாடி ஏற வேண்டும். மாரீஸ்வரி வண்டிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"காய்ச்சல் வந்துட்டு" என்றாள். "நான் பாக்காம விட்டுட்டேன்."

பெட்டி நடுவில் புகுந்து, அதே குரலில், சின்ன வெங்காயம் என்று கூவியது.

"என்ன? கேக்கலையே!" மாமி காதுக்குக் கையைக் குவித்தார்.

நயினார் திரும்பி மனைவியைப் பார்த்தார். சொல்லாதே என்று தலையசைப்பார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினார்.

தெரு அமைதியாகிவிட்டது. மாரீஸ்வரி கழுத்தை நிமிர்த்தி, முன்னைவிடச் சத்தமாக, அதை இன்னொரு தடவை சொன்னாள்.